எச்.ஐ.வி. தனியாக வருவதில்லை

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மூன்று மருத்துவமனைகளில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான ஒரு நிமோனியா வந்திருந்தது. ஐவரும் அதுவரை ஆரோக்கியமாக இருந்தவர்கள். அறிக்கை அச்சேறியபோது இருவர் இறந்துவிட்டிருந்தார்கள். எய்ட்ஸின் மருத்துவ வரலாறு இந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அதில் அதிகம் பேசப்படாத இன்னொரு செய்தியும் உண்டு: அந்த ஐவரின் உடம்பிலும் சைட்டோமெகலோ வைரஸ் என்ற வேறொரு வைரஸ் இருந்தது, அல்லது இருந்துபோன தடயம் இருந்தது.

எச்.ஐ.வி. என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே சினூஸியும் லூக் மோந்தாஞியேவும் அதைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. இடைப்பட்ட காலத்தில், சைட்டோமெகலோ வைரஸே இதற்கெல்லாம் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்தவர்கள் பலர். கூட வந்ததை முதலில் பார்த்துவிட்டார்கள். கூட்டி வந்தது பிறகுதான் பிடிபட்டது.

இன்று உலகில் சுமார் 4 கோடிப் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர். தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், குழந்தை பெற்று, பேரப்பிள்ளை பார்க்கும் வயதுவரை வாழ முடிகிற காலம் இது. ஆனால் அந்த மாத்திரை அடக்குவது ஒரு வைரஸை. அதனோடு சேர்ந்து வருகிற, அதற்கு முன்பே வந்து குடியேறிவிட்ட, அதன் தயவில் பின்னால் நுழைகிற மற்ற வைரஸ்களின் கதை தனி. யாருக்கு எது வரும் என்பதை அதிர்ஷ்டமோ ஒழுக்கமோ தீர்மானிப்பதில்லை. முக்கியமாக மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வைரஸ் உடம்புக்குள் நுழைந்த வழி, நுழைந்தபோது அந்த மனிதரின் வயது, நோயை எதிர்க்கும் சிடி4 அணுக்களில் ரத்தத்தில் மிச்சமிருப்பவற்றின் எண்ணிக்கை.

0.8 + 1.7 = 14.2

முதலில் ஹெபடைட்டிஸ் பி. மஞ்சள் காமாலையையும் கல்லீரல் சுருக்கத்தையும் கல்லீரல் புற்றுநோயையும் உண்டாக்கும் இந்த வைரஸ், எச்.ஐ.வி. போகும் எல்லா வழியிலும் போகும். ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளை. ஆனால் எச்.ஐ.வி.யைவிட 50 முதல் 100 மடங்கு எளிதாகத் தொற்றும். உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்துளியில்கூடக் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கும்.

இங்கே வயது ஒரு விசித்திரமான வேலை செய்கிறது. பிறந்த குழந்தைக்கு இந்த வைரஸ் தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். வளர்ந்த, ஆரோக்கியமான ஒருவருக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடமே தங்கும். மற்றவர்களின் உடம்பு அதை விரட்டிவிடும். குழந்தையின் நோய் எதிர்ப்பு அமைப்புக்கு இன்னும் விரோதியை அடையாளம் தெரியவில்லை என்பதுதான் காரணம். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஹெபடைட்டிஸ் பி பெரும்பாலும் பிறப்பிலோ சிறு வயதிலோ வந்துவிடுகிறது. எச்.ஐ.வி. இருபது முப்பது வருஷம் கழித்து வந்து சேர்கிறது. மேலை நாடுகளில் இரண்டும் பெரியவர்களான பிறகு, ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே வழியில் வருவது வழக்கம். எச்.ஐ.வி. ஏற்கெனவே இருக்கும் பெரியவருக்கு பி வைரஸ் வந்தால், விரட்டும் வேலையைச் செய்ய ஆள் குறைவு. நிரந்தரமாகத் தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுகிறது.

இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் கல்லீரல் நோயால் இறப்பவர்கள் எத்தனை பேர் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். ஹெபடைட்டிஸ் பி மட்டும் உள்ளவர்களில் 0.8. எச்.ஐ.வி. மட்டும் உள்ளவர்களில் 1.7. இரண்டும் உள்ளவர்களில் 14.2. கூட்டினால் 2.5 வரவேண்டிய இடத்தில் அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வந்தது. இந்தத் துறையின் கவலை முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

இன்னொரு பக்கம், இந்த இரண்டு வைரஸ்களுக்கும் இருக்கும் உறவே நமக்கு உதவியும் செய்கிறது. எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதிக்கொள்ளும் வைரஸ். ஹெபடைட்டிஸ் பி டி.என்.ஏ. வைரஸ்; ஆனால் தன் பிரதியை உண்டாக்கும் வழியில் அதுவும் ஆர்.என்.ஏ.வாக ஒருமுறை மாறி, மீண்டும் டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதிக்கொள்கிறது. எச்.ஐ.வி. இந்த வேலையைச் செல்லுக்குள் நுழைந்ததும் செய்யும். பி வைரஸ் வெளியே கிளம்பும் முன் செய்யும். வேலைக்கான நொதி ஒரே வகை. அதனால் ஒன்றின் நொதியை முடக்கும் சில மருந்துகள் மற்றொன்றையும் முடக்கும். இன்று எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் பெரும்பாலானோருக்குக் கொடுக்கப்படும் டி.எல்.டி. மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று மருந்துகள் உண்டு. முதல் இரண்டும் ஹெபடைட்டிஸ் பி-யின் மீதும் வேலை செய்பவை.

ஆகவே, தனக்கு பி வைரஸ் இருப்பதே தெரியாத ஒருவர் எச்.ஐ.வி.க்காக மாத்திரை விழுங்கும்போது, தெரியாமலேயே இரண்டுக்கும் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. உடம்பு தேறிவிட்டது என்று அவர் மாத்திரையை நிறுத்தினாலோ, டெனோஃபோவிர் இல்லாத வேறு மருந்துக்கு மாற்றப்பட்டாலோ, அடங்கிக்கிடந்த பி வைரஸ் சீறி எழும். சில வாரங்களில் கடுமையான கல்லீரல் அழற்சியில் கொண்டுபோய் விடலாம். கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் இந்த வைரஸ் ஒரு சிறு டி.என்.ஏ. வளையமாகச் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. மருந்தால் அதன் பிரதிகளைத் தடுக்க முடியும்; வளையத்தை அழிக்க முடியாது. மாதக்கணக்கில் வேலை செய்யும் புதிய எச்.ஐ.வி. ஊசிகள் வரத்தொடங்கியிருக்கும் இந்தக் காலத்தில் இது இன்னும் முக்கியம். கபோடெக்ராவிர், ரில்பிவிரின் ஊசிகள் எச்.ஐ.வி.யை நன்றாக அடக்கும். பி வைரஸைத் தொடவே தொடாது.

மஞ்சள் காமாலை என்றதும் நம் ஊரில் கீழாநெல்லி நினைவுக்கு வரும். இதையும் அறிவியல் சோதித்துப் பார்த்திருக்கிறது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜனின் குழு, ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பெற்ற பாரூக் பிளம்பர்க்கோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 1988-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்துவிட்டதாக அது சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்த முடிவு கிடைக்கவில்லை. இன்று எச்.ஐ.வி.யும் பி-யும் உள்ளவர் கீழாநெல்லியை நம்பி மாத்திரையைக் கைவிட்டால், மேலே சொன்ன சீற்றத்துக்கு அவரே வழி திறந்துவிடுகிறார்.

ஒரே நகரம், இரண்டு கணக்கு

வழி எவ்வளவு முக்கியம் என்பதை ஹெபடைட்டிஸ் சி தெளிவாகக் காட்டும். இது ரத்தத்தின் வழியாகவே பெரிதும் பரவும் வைரஸ். தென்னிந்தியாவில் எச்.ஐ.வி. பெரும்பாலும் ஆண் பெண் உறவின் வழியாகப் பரவியது. எனவே இங்கே ஏ.ஆர்.டி. மையங்களுக்கு வருகிறவர்களைச் சோதித்தால் ஹெபடைட்டிஸ் பி-யைவிட சி குறைவாகவே தென்படும். நூற்றில் ஓரிருவர் அளவில்தான். அதே சென்னையில், 2000-களின் நடுவில், ஊசிவழியாகப் போதைமருந்து ஏற்றிக்கொள்ளும் ஆண்களிடம் நடந்த ஆய்வில் பாதிப்பேருக்கும் மேல் ஹெபடைட்டிஸ் சி தொற்றிய அடையாளம் இருந்தது. ஊர் ஒன்றுதான், வழி வேறு.

மியான்மர் எல்லையில் இருக்கும் மணிப்பூரில் இது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. எல்லை தாண்டி வரும் ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்களிடம் 1990 வாக்கில் எச்.ஐ.வி. மளமளவெனப் பரவியது. எச்.ஐ.வி. தொற்றிய அந்த இளைஞர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஹெபடைட்டிஸ் சி-யும் இருந்தது. ஊசியைத் தொடாத அவர்களின் மனைவியரிடம் அது வெகு குறைவு.

ஊசி ஏன் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக சி வைரஸைச் சுமக்கிறது? மருந்தை முழுவதும் அழுத்தித் தள்ளிய பிறகும், சிரிஞ்சின் முனைக்கும் ஊசிக்கும் இடையே உள்ள இடைவெளியில் கொஞ்சம் திரவம் தங்கிவிடும். ஊசியைக் கழற்றி மாட்டும் வகைச் சிரிஞ்சுகளில் இந்த இடைவெளி பெரிது. அந்தத் துளியில் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் 63 நாட்கள்வரை உயிர்ப்போடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஊசியை மாற்றிவிட்டு சிரிஞ்சை மட்டும் பகிர்ந்தாலும், மருந்தைக் கரைக்கும் கரண்டியையும் வடிகட்டும் பஞ்சையும் பகிர்ந்தாலும் வைரஸ் கை மாறும். ஆளுக்கொரு புது ஊசி கொடுக்கும் திட்டங்கள் போதைப் பழக்கத்துக்குத் துணைபோகின்றன என்று குறை சொல்பவர்கள் இந்தத் துளியை மறந்துவிடுகிறார்கள்.

சி வைரஸுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. ஆனால் நிரந்தரமாகக் குணப்படுத்தக்கூடிய தொற்று இது. 1989-இல் வைரஸ் அடையாளம் காணப்பட்டது. 2013-இல் சோஃபோஸ்புவிர் வந்தது. அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்று விலை வைத்தார்கள். ஒரு மாத்திரை 1,000 டாலர். இரண்டொரு வருஷத்தில் இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று அதே மருந்தை வெகு குறைந்த விலையில் செய்யத் தொடங்கின. 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இன்று அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். பழைய இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சி குணமாவது குறைவாகவே இருந்தது. இப்போது எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் நூற்றில் 95 பேர் குணமாகிறார்கள்.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. ஒரே கல்லீரலில் பி-யும் சி-யும் இருந்தால், சி வைரஸ் பி-யை அமுக்கி வைத்திருக்கும். மருந்து கொடுத்து சி-யை ஒழித்ததும், தடுக்க ஆள் இல்லாத பி தலைதூக்கலாம். இப்படி நடந்ததைப் பார்த்த அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-இல் சி மருந்துகளின் அட்டையில் கடுமையான எச்சரிக்கையை அச்சடிக்கச் சொன்னது. சி-க்கு மருந்து தொடங்கும் முன் பி இருக்கிறதா என்று பார்ப்பது அதன்பின் விதியாகிவிட்டது.

ஆறிய புண்

சில வைரஸ்கள் எச்.ஐ.வி.க்குப் பின்னால் வராமல், அதற்கு முன்பே வந்து கதவைத் திறந்துவைக்கின்றன. பிறப்புறுப்பில் புண் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் 2 அந்த வகை. இது உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் சுமார் 3 மடங்கு. புண் இருக்கிறது, தோலில் விரிசல் இருக்கிறது, அதனால் வைரஸ் நுழைகிறது என்றுதான் நீண்டநாள் விளக்கம் சொன்னார்கள். அது சரியென்றால் புண்ணை மருந்தால் அடக்கினால் போதும். ஆப்பிரிக்காவில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த 3,400-க்கும் மேற்பட்ட இணையரிடம் இதைச் சோதித்தார்கள். எச்.ஐ.வி.யும் ஹெர்பிஸும் இருந்தவருக்குத் தினமும் ஏசைக்ளோவிர் கொடுத்தார்கள். புண்கள் 73 சதவீதம் குறைந்தன. எச்.ஐ.வி. பரவுவது குறையவே இல்லை. 2010-இல் முடிவு வெளியானபோது பலருக்கும் ஏமாற்றம்.

விடைக்கான ஒரு துப்பு முந்தைய ஆண்டே சியாட்டில் நகரிலிருந்து வந்திருந்தது. ஹெர்பிஸ் புண் ஆறிய இடத்திலிருந்து ஆய்வாளர்கள் சிறிது தோலை எடுத்துப் பார்த்தார்கள். வெளியே பார்த்தால் வடுகூட இல்லாத தோல். நுண்ணோக்கியின் கீழே கதை வேறாக இருந்தது. ஹெர்பிஸைத் தாக்க ஓடிவந்த சிடி4 அணுக்கள், சண்டை முடிந்த பிறகும் வீடு திரும்பாமல் மாதக்கணக்கில் அங்கேயே குழுமியிருந்தன. அவற்றில் பலவற்றின் மேற்பரப்பில் சிசிஆர்5 என்ற புரதம் இருந்தது. எச்.ஐ.வி. பற்றிக்கொண்டு உள்ளே நுழையும் பிடி அதுதான். ஏசைக்ளோவிர் எடுத்தவர்களின் தோலிலும் இதே நிலைமை. அந்தத் தோல் துணுக்கில் எச்.ஐ.வி.யை விட்டுப் பார்த்தபோது, புண் வராத இடத்துத் தோலில் வளர்ந்ததைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாக வளர்ந்தது. காவலுக்கு வந்தவர்களைத்தான் எச்.ஐ.வி. தேடுகிறது. காவல் அதிகமுள்ள இடம் அதற்கு வசதியான இடமாகிவிடுகிறது.

ஒரு நிமிடம், ஒரு பஞ்சு

பெண்களிடம் கவனிக்க வேண்டிய கூட்டாளி, மனித பாப்பிலோமா வைரஸ் எனும் எச்.பி.வி. இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு; 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகளே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். உடலுறவு உள்ள பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது எச்.பி.வி. தொற்றும். பெரும்பாலோரின் உடம்பு இரண்டு ஆண்டுகளுக்குள் அதைத் துடைத்துவிடும். எச்.ஐ.வி. உள்ள பெண்ணின் உடம்பில் அந்தத் துடைப்பு நடப்பதில்லை, அல்லது மெதுவாக நடக்கிறது. விளைவு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் 6 மடங்கு. எச்.ஐ.வி. சிகிச்சையால் ஆயுள் நீள நீள, இந்தப் புற்றுநோய்க்கு அவகாசமும் நீள்கிறது. நன்றாக மாத்திரை எடுத்து, எடை கூடி, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிய ஒரு பெண்ணையும் இந்தப் பரிசோதனைக்கு அனுப்ப மறக்கக்கூடாது என்பது அதனால்தான்.

பரிசோதனை சிக்கலானதே இல்லை. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம், அதாவது சமையலறை வினிகர் அளவுக்குக் காரமுள்ள திரவம், ஒரு பஞ்சில் தோய்த்துக் கர்ப்பப்பை வாயில் தடவப்படும். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆரோக்கியமான திசு இளஞ்சிவப்பாகவே இருக்கும். மாற்றம் தொடங்கிய இடத்தில் செல்களின் உட்கரு பெருத்து, புரதம் மிகுந்து கிடக்கும். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் திரிந்து, விளிம்பு தெளிவான வெள்ளைத் திட்டாகத் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்த்துவிடலாம். அந்த இடத்தை உறையவைத்து அங்கேயே அழித்தும் விடலாம்.

இந்த எளிய முறை உயிரைக் காக்கும் என்று உலகுக்கு முதலில் நிரூபித்தது திண்டுக்கல் மாவட்டம். அங்கே 30 முதல் 59 வயதுவரை உள்ள பொதுமக்களான பெண்களுக்குப் பயிற்சிபெற்ற செவிலியர்கள் இந்தச் சோதனையைச் செய்தார்கள். 2007-இல் வெளியான முடிவு: ஒரே ஒருமுறை செய்த சோதனையால் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்தன. இப்போது எச்.பி.வி.யின் மரபணுவையே தேடும் சோதனையை உலக சுகாதார நிறுவனம் முன்னிறுத்துகிறது. மற்ற பெண்களுக்கு 30 வயதில் தொடங்கலாம் என்றால், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25-இலேயே தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது.

உள்ளேயே படுத்திருப்பவை

எல்லாக் கூட்டாளிகளும் வெளியிலிருந்து வருவதில்லை. சிறு வயதில் சின்னம்மை போட்ட ஒவ்வொருவரின் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும் அந்த அம்மை வைரஸ் படுத்திருக்கிறது. காவல் தளரும்போது ஏதோ ஒரு நரம்பின் வழியே இறங்கி, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் கச்சை கட்டியதுபோல் கொப்புளமாக எழும். அதுதான் அக்கி. முதியவர்களுக்கு வருவது சகஜம். 30 வயதுக்காரருக்கு வந்தால் கேள்வி எழ வேண்டும். 1992-இல் வெளியான சான்பிரான்சிஸ்கோ ஆய்வில் எச்.ஐ.வி. உள்ள ஆண்களிடம் அக்கி மற்றவர்களைவிடச் சுமார் 15 மடங்கு அதிகமாக இருந்தது.

நம் கிராமங்களில் அக்கி வந்தால் குயவரிடம் போய் ‘அக்கி எழுதுவது’ இன்றும் உண்டு. காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேலும் சுற்றிலும் எழுதுவார்கள். அக்கி எப்படியும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ந்துவிடும் என்பதால், எழுதியதும் ஆறியதாகத் தோன்றும். எழுதிக்கொள்வதில் பிரச்சினை இல்லை. அதோடு விட்டுவிட்டால், எச்.ஐ.வி.யைச் சீக்கிரமே கண்டுபிடிக்கக் கிடைத்த ஒரு வாய்ப்பு போய்விடும்.

சைட்டோமெகலோ வைரஸும் இப்படி உள்ளே இருப்பதுதான். நம் நாட்டில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோரின் உடம்பில் அது இருக்கிறது. நம்மை ஒன்றும் செய்வதில்லை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்க வேண்டிய சிடி4 அணுக்கள் 50-க்கும் கீழே இறங்கும்போது அது விழித்திரையைத் தின்னத் தொடங்கும். வலி இருக்காது. கண்முன் பூச்சி பறக்கும், ஒரு ஓரம் மறைக்கும், பிறகு பார்வை போகும். அந்த அளவுக்கு இறங்கியவர்களின் கண்ணை, அவர்கள் குறை சொல்லாவிட்டாலும், பாப்பாவை விரித்துப் பார்த்துவிட வேண்டும்.

எந்த ஊரில் எந்த வைரஸ் மக்களிடம் புழங்குகிறது என்பதும் கணக்கில் வரும். 1981 ஜூலையில் நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் 26 ஆண்களின் தோலில் ஊதா நிறத் திட்டுகளாக வந்த கபோசி சர்கோமா, எய்ட்ஸின் முகமாகவே உலகுக்குத் தெரிந்தது. அதற்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸ் 8-ஐ 1994-இல் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதி கண்டுபிடித்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்த வைரஸ் பரவலாக உண்டு. அங்கே இந்தப் புற்றுநோயும் மிகுதி. இந்தியாவில் அது அரிது, இங்கே எச்.ஐ.வி. எவ்வளவோ பரவியும் கபோசி சர்கோமாவைப் பார்த்த மருத்துவர்கள் குறைவு.

நல்லது செய்த வைரஸ்

இத்தனைக்கும் நடுவில் ஒரு விதிவிலக்கு. 1995-இல் கண்டறியப்பட்டு, இப்போது மனித பெகிவைரஸ் என்று அழைக்கப்படும் ஒன்று உண்டு. ஹெபடைட்டிஸ் சி-யின் தூரத்துச் சொந்தம். அதே ரத்த வழியில் வருகிறது. நோய் எதையும் உண்டாக்குவதாகத் தெரியவில்லை. அயோவா ஆய்வாளர்கள் எச்.ஐ.வி. உள்ள 362 பேரைக் கவனித்து 2001-இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். பெகிவைரஸும் சேர்ந்திருந்தவர்களில் அந்தக் காலத்தில் இறந்தவர்கள் 28.5 சதவீதம். அது இல்லாதவர்களில் 56.4 சதவீதம். எச்.ஐ.வி. பிடித்துக்கொள்ளும் சிசிஆர்5 பிடியை இந்த வைரஸ் செல்லின் மேலிருந்து குறைப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வகச் சோதனைகள் சுட்டின. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. நல்ல மருந்துகள் வந்தபின் அதன் தேவையும் போய்விட்டது. என்றாலும், ஒரே உடம்பில் இரண்டு வைரஸ்கள் இருந்தால் கெடுதல் மட்டுமே நடக்கும் என்ற கணக்கை அது கலைத்துப்போட்டது.

எண் தீர்மானிக்கிறது

2022-இல் எம்பாக்ஸ் எனப்படும் குரங்கம்மை உலகம் சுற்றியபோது, எச்.ஐ.வி.யோடு சிடி4 350-க்குக் கீழே இருந்த 382 நோயாளிகளின் விவரங்களை 19 நாடுகளின் மருத்துவர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 27 பேர் இறந்திருந்தார்கள். அந்த 27 பேரின் சிடி4 எண்ணிக்கையும் 200-க்குக் கீழே. ஒழுங்காக மாத்திரை எடுத்து, எண்ணிக்கை நன்றாக இருந்தவர்களுக்கு அந்த நோய் மற்றவர்களுக்கு வந்ததுபோலவே வந்து போனது. புதிதாக எந்த வைரஸ் வந்தாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

ஆக, அபாயத்தின் பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் அதில் பெரும்பகுதி நம் கைக்கு எட்டுவது. ஊசிப் பகிர்வுக்குப் புது ஊசி உண்டு. ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. 2011 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த பெரியவர்கள் பெரும்பாலும் போட்டுக்கொள்ளாதவர்கள்; எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் தடுப்பூசி குறைவாகவே பலிப்பதால், அவர்களுக்குக் கூடுதல் அளவும், போட்டபின் பலித்ததா என்ற ரத்தப் பரிசோதனையும் தேவை. குடிப்பழக்கம் பி, சி இரண்டின் வேலையையும் துரிதப்படுத்தும். இவை எதுவும் தெரியாத ரகசியம் இல்லை. தெரிந்தும் நடக்காமல் போவதற்குக் காரணம், கேட்கத் தயங்கும் மருத்துவரும் சொல்லக் கூசும் நோயாளியும்.

1986-இல் எச்.ஐ.வி. மேலைநாட்டு வியாதி, இங்கே இருக்காது என்று பெரிய மருத்துவர்களே நம்பினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அந்த நம்பிக்கையை ஏற்காமல், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தை வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் அப்படித்தான் தெரியவந்தன. கூட்டாளி வைரஸ்களுக்கும் இதே நியாயம்தான்: தேடினால்தான் தெரியும். எச்.ஐ.வி. என்று தெரிந்த அன்றைக்கு எடுக்கும் ரத்தத்திலேயே பி, சி இரண்டையும் பார்த்துவிடலாம். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் ஒருவரின் சம்மதத்தையும் ரகசியத்தையும் காக்கிறது. மருந்து இலவசம். சந்தேகம் இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம். ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும் ஒருவர், “எனக்கு மஞ்சள் காமாலை டெஸ்ட் எடுத்தாச்சா சிஸ்டர்?” என்று ஒருமுறை கேட்டுவிட்டால், 14.2 என்ற அந்த எண் அவரைப் பொறுத்தவரை பழைய கணக்காகிவிடும்.